தோல் பொட்டலமும் கைத்துணையும்

நெடுந்துயில் கப்பலில் ஏறுவதற்கு முன், பயணிகள் தங்கள் பொருள்களைப் பிரிந்து சற்று நேரம் சும்மா உட்கார்ந்து காட்ட வேண்டும். சந்திரத் துறைமுகத்தில் அது பல் துலக்குவதுபோல் சாதாரணக் காரியம். செவ்வாய் வரை உறைந்து உறங்குகிறவர்களின் மூளை ஏதாவது ஒரு பொருளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தால், பாதி வழியில் விழித்துவிடும். அப்படி விழித்தவர் பிழைப்பது அரிது. ஆகவே நெற்றியில் மனநாடாவைக் கட்டி, பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சோதனை இயந்திரன் ஏக்கத்தை அளக்கும். ஏக்கம் மிகுந்தால் பச்சை நாடா சிவந்துவிடும்; பயணம் கிடையாது.

வரிசையில் நின்ற செங்கமலத்துக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை. செவ்வாயில் அவள் மகள் நித்திலாவுக்குத் தலைப்பிரசவம். இந்தக் கப்பலை விட்டால், அடுத்தது போய்ச் சேர்வதற்குள் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். இதைவிட அவளை உறுத்தியது, முன்னால் நின்ற அஜோவாவின் கழுத்தில் தொங்கிய சின்னத் தோல் பொட்டலம். அஜோவா கானா நாட்டுக்காரி; சந்திரச் சுரங்கத்தில் தமிழர்களோடு வேலை பார்த்துத் தமிழ் பழகியவள்.

"அது என்னம்மா, தாயத்தா?"

"எங்கள் ஊரில் சுமான் என்போம் அக்கா. சக்தியுள்ளது."

"அடிப் பாவி! கழற்றினால் உனக்கு மனசு பதறாதா? திருப்பி அனுப்பிவிடுவார்களே. பேசாமல் பைக்குள் ஒளித்துவை."

அஜோவா சிரித்தாள். "ஏமாற்றக் கூடாது என்பது அது எனக்கு இட்ட கட்டளை. அதைக் காப்பாற்றவே நான் ஏமாற்றினால், அப்புறம் அது வெறும் தோல்தான்."

இவளைத் தேற்றி அனுப்பும் வேலை நம் தலையில்தான் விழப்போகிறது என்று செங்கமலம் எண்ணிக்கொண்டாள். அஜோவாவோ சுமானைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, ஏதோ நன்றி சொல்லிப் பெட்டியில் வைத்தாள். மனநாடா கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

அடுத்தது செங்கமலம். மணிக்கட்டிலிருந்த கைத்துணை என்ற பேசியைக் கழற்றிக் கொடுத்தாள். பெட்டி மூடியதுமே அது உள்ளே கிணுகிணுத்தது. நித்திலாவாக இருக்குமோ? யாராவது தேடுகிறார்களோ? மனநாடா சிவந்தது.

"ஏக்கம் அளவு மீறியது. பயணம் இல்லை" என்றது இயந்திரன். "கதவு மூடுவதற்குள் மறுசோதனைக்கு வரலாம்."

"ஐயா, என் பெண் தனியாகக் கிடக்கிறாள்!"

"அந்த ஏக்கத்தால் கெடுதல் இல்லை அம்மா. பொருள்மேல் உள்ள ஏக்கத்தைத்தான் அளந்தேன்."

செங்கமலம் பெஞ்சில் சரிந்தாள். விரல்கள் வெறும் மணிக்கட்டைத் தடவித் தடவித் தேடின. கப்பலில் ஏறியிருக்க வேண்டிய அஜோவா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலை மிட்டாயை ஒடித்துப் பாதியை நீட்டினாள்.

"நீ போடி. உன் கப்பலும் போய்விடப் போகிறது."

"பக்கத்தில் ஒருவர் அழும்போது நான் மட்டும் சாப்பிட்டால் சுமான் என்னைக் கைவிட்டுவிடும். எனக்காகவாவது தின்னுங்கள் அக்கா." செங்கமலம் அதை வாயில் போட்டதும் அஜோவா கேட்டாள்: "உங்கள் பெண் பிறந்தபோது எப்படி இருந்தாள்?"

"எப்படி இருந்தாளா? தலை நிறைய முடி! அழவே மாட்டேன் என்று முறைத்தாள். நர்ஸ் பயந்துபோய் ஒரு தட்டுத் தட்டினாள் பார், ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. பிறகு என் விரலைப் பிடித்தாள்..."

பேசினாள், அழுதாள், சிரித்தாள். இயந்திரன் வந்து மனநாடாவைக் கட்டியதையும் கவனிக்கவில்லை. பெட்டி கிணுகிணுத்தது காதிலும் விழவில்லை.

"பச்சை. போகலாம்" என்றது இயந்திரன்.

செங்கமலம் அஜோவாவின் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்தச் சாமி இவளை அனுப்பியதோ, அந்தச் சாமி நன்றாக இருக்கட்டும் என்று மனம் நிறைந்து வாழ்த்தினாள்.

"பயணம் முடியும்வரை பொருளை வைக்கும் வைப்பறைச் சீட்டுக்கு விவரம் வேண்டும்" என்றது இயந்திரன், செங்கமலத்திடம் கைத்துணையைக் காட்டி. "இந்தப் பொருள் என்ன செய்யும்?"

"வழி காட்டும். வரப்போவதைச் சொல்லும். தூரத்தில் இருப்பவர் குரலைக் கொண்டுவரும்."

"அதற்கு நீங்கள் என்ன செய்ய வேண்டும்?"

"கண் விழித்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். தினமும் சக்தி ஏற்ற வேண்டும். கூப்பிட்டால் சாப்பாட்டிலிருந்தும் எழுந்து வர வேண்டும். எங்கே போனாலும் விட்டுப் பிரியக் கூடாது..." சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது.

அஜோவாவின் கண்கள் விரிந்தன. "யம்மா! என் சுமான் இவ்வளவு பொல்லாதது இல்லை அக்கா!"

இயந்திரன் அஜோவாவின் பெட்டியில் 'நினைவுப் பொருள்' என்ற சீட்டை ஒட்டி, அலமாரியில் தள்ளியது. மற்றதில் 'சக்திப் பொருள், கடும் விரதங்கள் உடையது, தமிழர்' என்று எழுதியது. பிற மக்களின் நம்பிக்கைகளை மதிக்கும்படி அதற்குப் பழக்கியிருந்தார்கள். ஆகவே கைத்துணை இருந்த பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலை தாழ்த்தி, பயபக்தியோடு எடுத்துப் போயிற்று.