ஆறாம் கட்டிலுக்கு ஒரு போர்வை

மழை விட்ட ஒரு பிற்பகலில் தாதி பீற்றிஸ் தோணியை விட்டு இறங்கினாள். மூன்று வருடங்களுக்குப் பிறகு, வாவிக்கரையிலிருந்த அதே சிறிய ஆஸ்பத்திரிக்கு அவளுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. பெண்கள் வாட்டில் அதே கூரை ஒழுக்கு. டெற்றோலோடு கலந்த சேற்று மணம். ஆறாம் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

அன்று, பிள்ளை பெற வந்த அன்னப்பூரணி இறந்தது அதில்தான். அவள் இரத்தம் ஓ வகை. பக்கத்துக் கட்டில்காரிக்கு வந்த பி வகை இரத்தப் போத்தலை பீற்றிஸ் அவளுக்குக் கொழுவிவிட்டாள். ஓ வகை உடம்பு அந்த இரத்தத்தை ஏற்காது.

"குளிருது மிஸ்ஸி. முதுகு பிளக்குது. ஒரு போர்வ தாங்க."

"இரத்தம் ஏறக்குள்ள அப்பிடித்தான். பொறுங்ககா."

போர்வை கொடுக்கவில்லை. பிள்ளைப்பேற்றில் போனாள் என்று எழுதினார்கள். பீற்றிஸ் வாய் திறக்கவில்லை.

இப்போது ஏழாம் கட்டிலில் காத்தான்குடி ஸைனம்பு, பிள்ளை பெற்று, இரத்தம் போய் வெளுத்துக் கிடந்தாள். புளியந்தீவு பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த இரத்தப் போத்தலில் 'ஏழு, பி' என்றிருந்தது. கட்டிலுக்கு மேலே சுவரில் தொங்கிய, நோயாளியின் விபரம் எழுதிய டிக்கற்றிலும் பி. பீற்றிஸ் எண்ணையும் வகையையும் மூன்று முறை பார்த்தாள்.

"நாலு புள்ள பெத்த நான், ஊசியக் கண்டாத்தான் உசிரு போகுது. சிரிக்காதீங்க மிஸ்ஸி."

பீற்றிஸ் சிரித்தபடி ஊசியை ஏற்றினாள். முதல் துளி இறங்கியது.

"குளிருது."

ஸைனம்புவின் உதடுகள் அசையவில்லை.

"முதுகு பிளக்குது மிஸ்ஸி."

குரல் ஆறாம் கட்டிலிலிருந்து வந்தது.

பீற்றிஸ் குழாயை விரல்களால் நெரித்தாள். ஊசியைப் பிடுங்கினாள். டிக்கற்றில் அப்போதுதான் பேரைப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ.

வாட்டைக் கூட்டிக்கொண்டிருந்த சின்னத்தங்கம் ஓடி வந்தாள். "காலம்ப ஒழுகினதால கட்டிலுகள இழுத்து மாத்தினம் மிஸ்ஸி. இவ ஒம்பதில கிடந்தவ."

கட்டில்கள் நகர்ந்திருந்தன. டிக்கற்றுகள் சுவரிலேயே நின்றுவிட்டன. ஒன்பதாவது ஆணியில் ஸைனம்புவின் பேர். ஓ வகை.

அவளுடைய கணவன் முத்தலிப்பின் இரத்தம் ஒத்துப்போனது. மாலைக்குள் அவள் முகத்தில் நிறம் திரும்பியது.

"மிஸ்ஸி," என்றாள் மெதுவாக. "பக்கத்து அக்காக்கு ஒரு போர்வ குடுங்களன். பாவம், கேட்டுக் கேட்டு முனகுறா."

பீற்றிஸ் அலுமாரியிலிருந்து கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்து, ஆறாம் கட்டிலில் விரித்து, ஓரங்களைச் செருகினாள்.

"என்ட பிழைதான், அன்னப்பூரணி," என்றாள்.

வெளியே வாவியில் மறுபடி மழை பிடித்தது.

வெறுங்கட்டிலில், போர்வை மெல்ல நடுங்கத் தொடங்கியது.