குடைக்காரி நல்லவளா?

அன்று சிவசாமி ஏரியலைத் திருப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணியானால் பக்கத்து வீட்டுச் சிவசாமி வெளியே போய், கூரைக்கு மேலே மூங்கிலில் கட்டி நிறுத்திய ஏரியலைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்துவதும், உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி வேலாயியும் நாடகம் பார்க்கக் கூடிய லயத்துச் சனத்தில் பாதியும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போயிருச்சு" என்று திருப்பிக் கத்துவதும், அரைக் குடம் நீரைக் கொட்டுவதுபோல டீவி இரைந்து ஓய்ந்த பிறகுதான் நாடகத்தின் பாட்டு கேட்கத் தொடங்குவதும் வழக்கம். அன்று கத்தலும் இல்லை, இரைச்சலும் இல்லை. மீனம்மா அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலிருந்து பாட்டு மட்டும் வந்தது, முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு.

டயகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய அந்த லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதுவும் கூரையை எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி. கருவாட்டு வாசமும் இருமலும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் அந்த வழியாகத் தாராளமாகப் போய்வரும். நாடகமும் அப்படித்தான் வந்தது. மீனம்மா அதை ஒருநாளும் பார்த்ததில்லை, கேட்டதுதான். நாடகம் தொடங்கிய வாரமே வேலாயியோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

சண்டை என்னவோ ஒரு வாளித் தண்ணீருக்குத்தான். லயத்துக்கே தண்ணீர் விழுகிற பீலியடியில் யார் முதலில் வாளியை வைத்தது என்று தொடங்கி, "பெத்த மகனே எட்டிப் பாக்கல, ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு தண்ணி?" என்று வேலாயி கேட்டதில் முடிந்தது. மகன் யோகேஸ்வரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். தொண்ணூற்றெட்டுத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. உண்மை என்பதால்தான் அந்தப் பேச்சு அப்படிச் சுட்டது. மறுநாளே வேலாயி வாசலில் வந்து தொண்டையைச் செருமினாள். மீனம்மா கதவைத் திறக்கவில்லை. ரோஷம். அதை வைத்துக்கொண்டு ஏழு வாரம் ஓட்டியாயிற்று. இனி முடியாது போலிருந்தது. புருஷன் செத்த பிறகு அவள் மனம்விட்டுப் பேச இருந்தவளே வேலாயி ஒருத்திதான்.

மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அந்த ஏழு வாரமும் நாடகப் பேச்சுதான். கறுப்புக் குடை பிடித்த ஒருத்தி அந்தி நேரத்தில் ஏதாவதொரு வீட்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே இருக்கிற ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர் பதில் கொடுத்தால் போயிற்று, அவளோடு நடந்துவிடுவார். மறுவாரம் அந்த வீட்டில் அவரைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. எங்கே கூட்டிப் போகிறாள், எதற்கு என்று நாடகக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை.

"அவ பேய்தான். நல்லவளா இருந்தா மொகத்த காட்ட மாட்டாளா?" என்பாள் பேச்சியம்மா.

"காட்டுனா நீ ராவுல வெளிய போக மாட்டியே, அதான்," என்று யாராவது சீண்டுவார்கள்.

மேல் லயத்தில் போய்ப் பார்ப்பதாகப் புளுகி வைத்திருந்த மீனம்மா, குடைக்காரியின் கட்சி. நேற்றுக்கூட வாதாடினாள். "யார கூட்டிட்டுப் போறான்னு பாருங்க. யாருக்கும் வேணாம்னு கெடக்கவங்களத்தான். அப்படி ஒருத்தரத் தொணைக்குக் கூப்பிட்டா, அவ எப்படிக் கெட்டவளாவா?"

இரண்டு தேயிலை நிரை தள்ளி நின்ற வேலாயி, நிமிராமலே சொன்னாள்: "வேணாம்னு யாரு சொன்னா? அவங்களே கதவ சாத்திக்கிட்டா வெளிய நிக்கிறவ என்னதான் செய்வா?"

அது நாடகத்தைப் பற்றிய பேச்சில்லை என்று மீனம்மாவுக்குத் தெரியும். அன்றிரவு தூக்கமில்லை. இன்று வேலாயி வேலைக்கு வரவில்லை. காய்ச்சலோ என்னவோ, கேட்க வாய் வரவில்லை. நாடக நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். இந்த ரொட்டி அதற்குத்தான்.

நான்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்த தட்டை ஒரு கையிலும் விளக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பனி வாசல்வரை ஏறி நின்றது. ஈர விறகின் புகையும் சாணமும் சேர்ந்த வாசம் அதற்குள் அசையாமல் கிடந்தது. வேலாயி வீட்டுக்குள் பாட்டு முடிந்து குடைக்காரியின் செருப்பு சரளைக் கல்லில் நெரிபடும் சத்தமும், பார்க்கிறவர்களின் முணுமுணுப்பும், ஒரு குழந்தையின் இருமலும் கேட்டன. "வேலாயி, சூடா இருக்கு, சாப்பிடு" என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு விளக்கைக் கீழே வைத்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

கதவில் பூட்டுத் தொங்கியது.

விளக்கை எடுத்து உயர்த்தினாள். பெரிய பூட்டு. பனியில் நனைந்திருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. வாசலோரம், டீவி ஓடுகிற கார் பெட்டரி இருக்கும் பலகை காலியாக இருந்தது. இரண்டு வயர்கள் வெறுமனே தொங்கின. சார்ஜ் போடக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படியே குடும்பத்தோடு வட்டகொடைக்கு, வேலாயியின் தங்கச்சி வீட்டுக்கு. மாதம் ஒருமுறை போவார்கள்.

உள்ளே செருப்புச் சத்தம் நின்றது.

மீனம்மா தன் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தினாள். நாடக நேரத்தில் டீவியின் நீல வெளிச்சம் கூரைத் தகரத்தில் அலையும். இன்று தகரம் இருட்டு.

"அவ நல்லவதான்," என்றது சுவருக்கு மேலிருந்து ஒரு குரல்.

"கெட்டவ," என்றது இன்னொன்று.

"யாரையும் இழுத்துட்டுப் போகலையே. கூப்பிடுறா, அவ்வளவுதான்."

"இன்னைக்கி யாரு?"

பல பேர் ஒன்றாக மூச்சு விடும் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். அவள் முதுகுக்கு நேரே.

பிறகு ஒரு பெண்குரல் கூப்பிட்டது.

"மீனம்மா."

அதட்டவில்லை. அவ்வளவு கனிவு. அவள் பேரை அப்படிச் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று.

மலையில் பனி இறங்கினால் ஆளுக்கு ஆள் தெரியாது. கந்தப்பன் கங்காணி கீழே நின்று பேர் பேராகக் கூப்பிடுவார். பேர் காதில் விழுந்ததும் குரல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்று தேடக் கிளம்பிவிடுவார்கள். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். புத்தி தடுப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"ஓ," என்றாள் மீனம்மா.

பாட்டு வந்தது. நாடகம் முடிந்தது.

விடியும்வரை அவள் குந்திய இடத்தை விட்டு எழவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. வெளிச்சம் வந்ததும் பயம் குறைந்து வெட்கம் வந்தது. தனியாகக் கிடந்து மூளை கெட்டுவிட்டது என்று தன்னையே ஏசிக்கொண்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள். அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை; விடிகாலைக் குளிரில் அது ஒன்றும் புதிதில்லை. பனிக்குள்ளேயே மலையேறித் தன் நிரையில் நின்றாள்.

முதல் பஸ்ஸில் வந்திருப்பாள் போலும், வேலாயி கூடையை மாட்டிக்கொண்டு பிந்தி வந்தாள். தன் நிரைக்குப் போகாமல் நேரே மீனம்மாவைப் பார்த்து ஏறினாள். முகத்தில் சிரிப்பு.

"அக்கா, பீலியடியில நான் சொன்னது தப்புதான்க்கா. மனசுல வச்சிக்காதீங்க. அடுத்த செவ்வாக்கெழம நம்ம வீட்டுக்கே வந்துருங்க. ஒண்ணா இருந்து பாப்போம்."

மீனம்மா அவளை நோக்கி ஓரடி வைத்தாள். இதற்குத்தானே ஏழு வாரமாகக் காத்துக் கிடந்தாள். "வர்றேன் வேலாயி," என்றாள்.

"வர்றேன் வேலாயி," என்றது அவளுக்குப் பின்னால், அவள் குரல்.

வேலாயியின் கண் அவள்மேல் இல்லை. கூடை அவள் தோளில் இடிக்க வேண்டிய நெருக்கத்தில் அவளைக் கடந்து, மேல் நிரைக்குப் போனாள். அங்கே ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மீனம்மாவின் சாம்பல் நிறச் சட்டை. சற்றே சரிந்த இடது தோள். வேலாயி அவள் கையைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கீழிருந்து பேச்சியம்மா கேட்டாள். "மீனம்மாக்கா, நீங்க மேல் லயத்துல பாத்தீங்கதானே? நேத்து யாரு போனா?"

"ஒரு பொம்பள. தனியா இருந்தவ," என்றாள் மேல் நிரையில் நின்றவள்.

"நல்லவளா?"

"தெரியல. அவள யாரும் தேடல."

வேலாயி உச்சுக் கொட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து பறிக்கத் தொடங்கினார்கள்.

மீனம்மா கத்தினாள். வேலாயி. பேச்சியம்மா. கங்காணி ஐயா. ஒவ்வொரு பேராக, தொண்டை கிழிய. யாரும் திரும்பவில்லை. அவர்களிடம் ஓட எண்ணிக் காலெடுத்தவள், தான் ஏறி வந்த வழியைப் பார்த்தாள். இடுப்பளவு தேயிலைக்குள் அத்தனை தூரம் புகுந்து வந்திருக்கிறாள். இலைகளின் மேல் பனித்துளி ஒன்றுகூட உதிரவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு காய்ந்து கிடந்தது. குனிந்து ஒரு கொழுந்தைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். இலை அசையவில்லை.