இடது பெடல்

"காணாமப் போனது ஒரே ஒரு பெடல்தான் சார்" என்று அந்தப் பெண் சொன்னதும் மச்சானுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன் அக்காள் புருஷனான துப்பறிவாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து வைர மாலைத் திருட்டு மாதிரி ஒரு வழக்குக்காகக் காத்திருப்பவன் அவன். ஆனால் அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அத்தானோடு அவள் வீட்டுக்குக் கிளம்பினான்.

வெளிநாட்டில் சைக்கிள் பந்தயம். மாலையில் விமானம். அவளுடைய பந்தயக் காலணி அந்தப் பெடலில் மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். கூடத்தில் சைக்கிள் வைத்த நீளமான அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது.

"விமானத்துல ஏத்தணும்னு மெக்கானிக் நேத்து ரெண்டு பெடலையும் கழட்டி, டயர்ல காத்தை இறக்கி வெச்சுட்டுப் போனாரு. இன்னைக்குத் திறந்தா வலது பெடல் மாட்டியிருக்கு. இடதைக் காணோம்."

மச்சான் டயரை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது.

"வீட்ல யாரும்மா?"

"நானும் அப்பாவும்தான். 'கையைக் காலை உடைச்சுக்காதே, போகாதே'ன்னாரு. எதிர்த்துப் பேசிட்டேன். ஒரு மாசமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல. காலையிலயே எங்கயோ போயிட்டாரு. நேத்து என் தோழி வந்திருந்தா. நான் போகலேன்னா அவதான் போவா."

"போதும் அத்தான், முடிஞ்சுது. தோழிதான்" என்றான் மச்சான்.

துப்பறிவாளர் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். "திருட வந்தவ எதுக்கு மச்சான் காத்தடிக்கணும்? ஒரு பெடலை எதுக்கு மாட்டணும்? இது வண்டி ஓடணும்னு நினைச்சவங்க வேலை. ஆனா காத்தை ஏன் இறக்கினாங்கன்னு அவங்களுக்குத் தெரியல. ஏம்மா, இடது பெடலை எப்படித் திருகணும்?"

"மத்த திருகாணிக்கு எதிர்ப்பக்கமா. அப்பதான் மிதிக்கிறப்ப கழண்டு..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அது தெரியாதவரு வழக்கம்போலத் திருகியிருப்பாரு. பிடிச்சிருக்காது. பெடலே தப்புன்னு நினைச்சிருப்பாரு."

"அப்பாவா? அவர்தான் போகவே வேண்டாம்னாரே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வியர்த்து வழிய உள்ளே வந்த அப்பா, மகளைப் பார்க்காமல், பையிலிருந்து பெடலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்க யாரோ எவரோ, இவகிட்டச் சொல்லுங்க. மெக்கானிக் பொருந்தாத பெடலைக் குடுத்து ஏமாத்திட்டான். இதை வெச்சுக்கிட்டு இவ முன்பின் தெரியாத ஊர்ல நடுரோட்ல நிக்கணுமா? மாத்தலாம்னு ஊரெல்லாம் அலைஞ்சேன். விடுமுறையாம், ஒரு கடைகூடத் திறக்கல."

மகள் பெடலை எடுத்து எதிர்ப்பக்கமாகத் திருகினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"அட, தலைகீழாவா" என்று அப்பா அசடு வழிந்தார்.

அவள் இரண்டு பெடலையும் கழற்றித் துணியில் சுற்றிவிட்டு, டயரின் வால்வைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மூச்சு வாங்க வாங்க அடித்த காற்று. அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, அங்க போய் உனக்கு யாரு காத்தடிச்சுத் தருவா?" என்று அவளிடமே கேட்டுவிட்டார்.

"நானே அடிச்சுக்குவேன்பா. அடிச்சு முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல ஃபோன் பண்ணுவேன்."

மச்சான் சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினான். வைர மாலையெல்லாம் அவனுக்கு மறந்தே போயிருந்தது. பெட்டியை ஒட்டி முடித்ததும் மகள் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார்.