உம் கொட்டியவர்கள்

கடல் உயிரியல் துறை அடுத்த மாதம் முதல் ஒசூர் வளாகத்தில் இயங்கும் என்று கழுத்தில் தொங்கிய மணி சொன்னபோது, பேராசிரியர் பெனிட்டா மச்சாது கடற்குதிரைகளுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தாள். ஒசூரில் குளிர் உண்டு, ரோஜா உண்டு. கடல் கிடையாது. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று மறுபடி கேட்டாள். மணி அதே இனிய குரலில் அதையே சொல்லிவிட்டு, "ஊழியர் அனைவரின் சம்மதத்துடன்" என்றும் சேர்த்துக்கொண்டது.

தூத்துக்குடியில் அவளுடைய ஆய்வகத் தொட்டிகளுக்குக் கடல்நீர் குழாய் வழியாக நேரே வரும். மூலைத் தொட்டியில் ஓர் ஆண் கடற்குதிரை வயிறு நிறையக் குஞ்சுகளோடு நின்றது. அந்த இனத்தில் பிள்ளை சுமப்பது ஆண்தான். எத்தனையோ முயற்சிக்குப் பிறகு முதல் தடவையாகத் தரித்திருந்தது. லாரியில் ஏற்றினால் அது மதுரை தாண்டாது.

மணிக்குப் பெயர் உளங்கேட்பான். அதைக் கேட்டு வாங்கியவர்களே ஊழியர்கள்தான். எங்களைக் கலந்து பேசாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நிர்வாகம் ஆளுக்கொரு மணியை மாட்டிவிட்டது. அது நாள் முழுக்கக் கூடவே இருந்து, யோசனைகளைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லும். நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். கருத்து பதிவானதும் பச்சையாக மின்னும். கூட்டம் ஒழிந்தது, கூட்டத்தில் தரும் ஆறிப்போன போண்டாவும் ஒழிந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

பெனிட்டாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் எப்போது சம்மதித்தேன் என்று மணியையே கேட்டாள். அது அவள் குரலை எடுத்துப் போட்டுக் காட்டியது. இடமாற்றத்தின் நன்மைகளை மணி விவரிக்கிறது, நடுநடுவே பெனிட்டா "ம்... ம்..." என்கிறாள். பின்னால் தொட்டி தேய்க்கும் சத்தம்.

அடப்பாவி, அது உம் கொட்டியதல்லவா! நம் ஊரில் யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டுவோம். காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கோபம் வரும். இந்த மணியே பாதியில் நிறுத்தி, "கேட்கிறீர்களா?" என்று பிடுங்கும். வீட்டுக்காரர் சொல்லும் ஆபீஸ் கதைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உம் கொட்டுகிறாள். அதில் ஒன்றையாவது ஒப்புக்கொண்டதுண்டா?

ஒரு கை பார்த்துவிடுவது என்று துணைவேந்தர் சிவசைலத்தின் அறைக்குப் போனாள். அவர் அவளைவிடக் குழம்பிப்போயிருந்தார்.

"நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன் மேடம். ஏன் எல்லாரும் ஒசூர் போணும்னு ஒத்தக்கால்ல நிக்கீங்க?"

யாரும் நிற்கவில்லை, நீங்கள் போட்ட உத்தரவுதானே என்றாள் பெனிட்டா.

"நான் எங்க போட்டேன்? ஷேவ் பண்ணிட்டிருந்தேன், அது வாசிச்சுது. ம்னேன்."

அப்படியானால் இதை ஆரம்பித்தது யார்? துணைவேந்தர் தன் மணியைக் கேட்டார். "முன்மொழிந்தவர், பேராசிரியர் பெனிட்டா மச்சாது" என்றது அது. கூடவே ஆதாரத்தையும் போட்டது. சித்திரை வெயிலில் கரண்ட் போன ஒரு மத்தியானம், பெனிட்டாவின் குரல்: "ச்சே, என்னா வெக்கை. பேசாம டிபார்ட்மெண்டையே தூக்கிட்டு ஒசூர் பக்கம் போயிரலாம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். கோபப்படுவதா, வெட்கப்படுவதா, சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றும் சேர்ந்தே வந்தன.

துணைவேந்தர் மணியை உயர்த்திப் பிடித்து, இந்தத் திட்டத்தை இப்போதே நிறுத்து என்றார். ஊழியர்களைக் கலந்துகொள்ளாமல் எதையும் நிறுத்த முடியாது என்று மணி பணிவாக மறுத்தது. விதி அப்படி. வேண்டுமானால் உடனே எல்லோரையும் கேட்டுவிடுகிறேன் என்றது.

வெளியே தாழ்வாரத்தில் மணிகள் பேசத் தொடங்கின. ஒசூர் இடமாற்றத்தைக் கைவிடலாம் என்று ஒரு யோசனை, காரணங்கள் பின்வருமாறு... கணக்குப் பிரிவிலிருந்து ஒரு "ம்" வந்தது. நூலகத்திலிருந்து இன்னொன்று. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே கொட்டினார்கள். கட்டடம் முழுக்கப் பச்சை மின்னியது.

"பாத்தீங்களா, இதுக்கும் அப்படித்தான்" என்றார் துணைவேந்தர். "இந்த ம்மை இனிமே கணக்குல எடுக்கக் கூடாதுன்னு இப்பவே ஒரு யோசனை சொல்லிரட்டுமா? நீங்க அதுக்குத்தான வந்தீங்க?"

அதற்குத்தான் வந்திருந்தாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூலைத் தொட்டி நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு வேண்டாம் சார்" என்றாள். "இந்த ம்மை வச்சே ஒசூர் ரத்தாகட்டும். பெறகு பாத்துக்கலாம்."

தாழ்வாரத்துப் பக்கம் காதைக் கொடுத்தபடி, துணைவேந்தர் "ம்" என்றார். இரண்டு பேருடைய மணிகளும் பச்சையாக மின்னின.