மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம்

மடிக்கணினியின் டி டிரைவ் மூன்றாவது முறையாகக் கழன்றுகொண்டபோதுதான், படுக்கையறைக்குள் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதை அவன் கவனித்தான். முதல் இரண்டு முறையும் அந்தச் சத்தம் இருந்திருக்க வேண்டும். மாடிவீட்டுக்காரர்கள் என்று காது அதைத் தானாகவே ஒதுக்கிவிட்டிருந்தது. டிரைவ் போய்விட்டது என்று மடிக்கணினி இறங்குகுரலில் ஒலித்ததும் செருப்பு நடக்க ஆரம்பித்தது. பதினோரு விநாடி கழித்து, வந்துவிட்டது என்று ஏறுகுரலில் ஒலித்ததும், தூக்கிய அடி தரையில் விழாமலே நின்றுபோனது. வெளியே விடாத மழை. பிற்பகல் நான்கு மணிக்கே அறை மங்கிக் கிடந்தது. மாடிவீடு போன மாதமே காலியாகிவிட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அவன் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். கணினி விஷயத்தில் மட்டும் சுத்த மக்கு. அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவன் மனைவியின் பொழுதுபோக்கு. இந்தப் பழைய மடிக்கணினியில் டிவிடி போடும் பொந்தைக் காலி செய்து, தன் தம்பியை வைத்து டி டிரைவாக இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றைச் செருகி, ஒன்பது வருடத்துப் படங்களையும் மாதவாரியாக அடுக்கி வைத்தவள் அவள்தான்.

அவள் போய் எட்டு மாதம். அவளுடைய போன் ஆஸ்பத்திரியில் தொலைந்தது. கல்யாண ஆல்பத்தை அதற்கும் முன்பே கரையான் தின்றுவிட்டது. மற்றவர்கள் எடுத்த படங்களில் யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அவள் தலை மட்டும் தெரியும். ஆக, அவளுடைய முகம் என்று மிச்சம் இருந்தது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். சில நாட்களாகவே அது விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததால், பயந்துபோய், வெளியே மாட்டுகிற புது டிஸ்க் ஒன்றை இன்று காலை வாங்கி வந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்ற ஆரம்பித்திருந்தான். இதுவும் போனால் அவளை இரண்டாவது முறை பறிகொடுக்க வேண்டியதுதான்.

மைத்துனனுக்குப் போன் போட்டான். அவன் வேறு ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

"பதறாதீங்க மாமா. பவர் செட்டிங்ல ஹார்டு டிஸ்க்க தூங்க விடுன்னு இருக்கும், அத மொதல்ல ஆஃப் பண்ணுங்க."

பண்ணினான். ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. மறுபடியும் இறங்குகுரல். இந்த முறை நாற்பது விநாடி. செருப்புச் சத்தம் படுக்கையறையை விட்டு நடைக்கு வந்துவிட்டது. அதோடு கூடவே, தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வரும்போது அவளிடமிருந்து வருமே, அந்த ஈர ஷாம்பூ வாசனை. பயத்தைவிட முதலில் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"மாப்ள, வீட்ல என்னமோ..." என்று ஆரம்பித்து, பைத்தியம் என்று நினைத்துவிடுவானோ என்று நிறுத்திக்கொண்டான். "மறுபடி போயிருச்சு."

"அப்ப காண்டாக்ட்தான். ஆஃப் பண்ணிட்டு அத உருவுங்க. ஓரத்துல பல்லு பல்லா தங்கக் கலர்ல இருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பர் வெச்சு மெதுவா தேய்ங்க."

ரப்பருக்கு அவன் வீட்டில் பஞ்சம் இல்லை. திருகாணிகளைக் கழற்றி, பற்களைத் தேய்த்து, ஊதி, ஆட்டம் இல்லாமல் இருக்கப் பழைய அச்சுத்தாளை மடித்து அடியில் கொடுத்துச் செருகினான். கணினி விழித்தது. டிரைவ் வந்தது. மாற்றும் வேலை விட்ட இடத்தில் தொடங்கியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் போய்விட்டது.

"கம்ப்யூட்டர் நடந்ததெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் லாக்ல என்ன போட்டிருக்கு, படிங்க," என்றான் மைத்துனன்.

அதற்குள் ஏறுகுரல் ஒலித்து டிரைவ் திரும்பி வந்திருந்தது. தேடிப்பிடித்துப் படித்தான். பிழை என்று எங்கேயும் இல்லை. பயனர் கேட்டுக்கொண்டபடி சாதனம் பாதுகாப்பாக அகற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதே வரிதான்.

"நீங்களா கழட்டச் சொல்லி அமுக்குனீங்க?"

"நான் எதையும் தொடவே இல்ல, மாப்ள."

"சரி, இதுவரைக்கும் போனதாவது பத்திரமா இருக்கும். காப்பிதான பண்றீங்க? கட் பண்ணலயே?"

அவன் கணினியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"மாமா?"

"கட்தான் பண்ணேன். எடம் மாத்தறதுன்னா அதானேன்னு..."

"ஐயோ மாமா! கட் பண்ணா இங்கருந்து எடுத்துதான் அங்க வைக்கும். நடுவுல அந்துபோச்சுன்னா இங்கயும் இருக்காது, அங்கயும் முழுசா இருக்காது."

"அப்ப மிச்சம் எங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காது மாமா." மைத்துனன் குரல் உடைந்தது. அவனுக்கும் அவள் அக்காதானே. "நான் இப்பவே பஸ் புடிக்கிறேன். வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க, புண்ணியமா போவும்."

தொடாமல் இருக்க முடியுமா? புது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த படங்களைத் திறந்தான். நெற்றி, புருவம், கண்கள், மூக்கு. அதற்குக் கீழே வழுவழுவென்று சாம்பல் நிறம். பாதி வந்த படம் அப்படித்தான் இருக்கும் போல என்று அடுத்ததைத் திறந்தான். அதுவும் மூக்கு வரைதான். தூரத்தில் கடற்கரையில் முழு உருவமாக நின்ற படம். அதிலும் மூக்குக்குக் கீழே சாம்பல். முகம் மட்டும் நிறைந்த படம்; அதிலும் அப்படியே. பிழை பார்த்துப் பழகிய கண் தப்பவிடவில்லை. அறுந்துபோன படம் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் அல்லவா அறுந்திருக்க வேண்டும்? பக்கத்தில் நிற்கிறவர்கள் கால்வரை முழுசாக இருந்தார்கள். அவள் மட்டும்தான் பாதி. முந்நூறு படங்கள் வரை பார்த்துவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

இறங்குகுரல் ஒலித்தது.

செருப்பு நடையில் வந்தது. நாற்பது விநாடி ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. ஏறுகுரல் வரவே இல்லை. ஷாம்பூ வாசனை முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், டிஸ்க் இருந்த மூலையைக் கட்டைவிரலால் பலம்கொண்ட மட்டும் அழுத்தினான்.

ஏறுகுரல். செருப்பு நின்றது.

அப்போதுதான் திரும்பினான்.

அறை வாசலில் அவள் நின்றாள். ஈரக் கூந்தல். புருவம். அந்தக் கண்கள், அவனை மட்டுமே பார்க்கும் கண்கள். மூக்கு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இருட்டும் இல்லை, புகையும் இல்லை. தட்டையாக, தரைவரை, சாம்பல் நிறம். ஒரு காலைத் தூக்கியபடி நிற்பதுபோல அந்தச் சாம்பல் லேசாகச் சாய்ந்திருந்தது.

விரல் கொஞ்சம் தளர்ந்தது. இறங்குகுரல். ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அழுத்தினான். நின்றாள்.

திரையில் மாற்றும் வேலை அறுபத்திரண்டு சதவீதம். அறுபத்து மூன்று. வாசலில் மூக்கின் நுனிக்குக் கீழே, ஒரு நூல் அளவு, தோல் தெரிந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. விட்டால் இப்படியே வருவாள். பிடித்தால் நிரம்புவாள். விரல் மரத்தது, நகம் வெளுத்தது, முழங்கை வரை வலி ஏறியது. பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் அழுதான்.

"முழுசா வந்துரும்மா," என்றான். "எப்பிடியாச்சும் முழுசா வந்துரு."

அறுபத்து நான்கு. நூல் நூலாக இறங்கியது. கன்னம். மேலுதடு.

மேலுதட்டில் கருப்பாக ஏதோ.

முடி.

அறுபத்தைந்து. மீசை. இடது ஓரத்தில் நரை. தினமும் காலையில் கண்ணாடியில் அவன் பார்க்கிற நரை. தாடையில், இன்று அவன் சவரம் செய்தபோது பட்ட கீறல்.

விரலை எடுக்க நினைத்தான். வரவில்லை.

இடது கை மெல்ல மேலே போனது. மூக்கைத் தொட்டது. அதற்குக் கீழே இறங்கியது. வழுவழுப்பு. கழுத்து வரை. சில்லென்று.

அவன் கத்தினான்.

சத்தம் வாசலிலிருந்து வந்தது.