பூபதி பேசினால் ஏறும் முள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நவநீதனுடைய காரின் எண்ணெய் அழுத்தமுள் மறுபடியும் சிவப்புக்குள் போனது. வண்டி பொள்ளாச்சி சாலையில் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேடு இல்லை. வெயிலும் அப்படியொன்றும் இல்லை. பின்னிருக்கையில் மனைவியின் அண்ணன் பூபதி பேசிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஊரோட ஒத்து ஒரு தானோட்டி வாங்கக் கூடாதுங்களா மாப்ள?"

சாலையில் மற்றதெல்லாம் தானோட்டிகள்தான். போக வேண்டிய ஊரைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம். நவநீதனுடையது நாற்பது வருடப் பழைய பெட்ரோல் கார். அறுபத்திரண்டு வயதில், தான் திருப்பினால் திரும்புகிற பொருள் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். முள் சிவப்பைத் தொட்டால் அன்றைக்கே நொறுக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். இவருக்குச் சோதனை மறுநாள் காலை.

"நேரா செம்மலர் ஷெட்டுக்கே போயிரலாங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி மிருதுளா.

கிணத்துக்கடவில் பழைய இன்ஜினைத் தொடத் தெரிந்தவள் செம்மலர் ஒருத்திதான். இந்த வண்டிக்கு மூன்று முறை ஆயில் மாற்றியிருந்தாள். ஃபில்டர் புதிது. ஆயில் பம்பைக் கழற்றிப் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லாமல் திரும்ப மாட்டியிருந்தாள். இன்றைக்கு அவள் பானட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எப்பெப்ப ஏறுதுன்னு சொல்லுங்கண்ணா."

"ஞாயித்துக்கிழமைதான் அதிகம் அம்மணி."

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

நவநீதன் மனைவியைப் பார்த்தார். "மச்சானைக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போவோம்."

"அப்ப பாரமா இருக்கும்" என்றாள் செம்மலர். பூபதியை இறக்கிவிட்டு, அவர் எடைக்குச் சரியாக மூன்று அரிசி மூட்டையைப் பின்னிருக்கையில் ஏற்றி, நவநீதனை ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். முள் நடுவில் பச்சையில் நின்றது. மூட்டையை இறக்கிப் பூபதியை ஏற்றினாள். அப்போதும் பச்சைதான்.

"பாத்தீங்களா, என்னாலன்னு சொன்னீங்க" என்று பூபதி ஆரம்பித்தார். "வண்டிய வெச்சுக்கத் தெரியோணும் மாப்ள. எங்கூட்டுல டிராக்டரு..."

முள் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. டிராக்டர் கதை முடிவதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

செம்மலர் குனிந்து முள்ளைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, "ஆயிலுக்குக் காது கெடையாதுங்கண்ணா" என்றாள்.

மூலையில் இருந்த இரும்புப் பெட்டியிலிருந்து கைப்பந்து அளவுக்கு ஒரு பித்தளைக் கடிகாரத்தை எடுத்தாள். பொட்டு வருவதற்கு முந்தைய காலத்து அழுத்தமானி அது.

பொட்டு என்றால் அழுத்தப்பொட்டு. கடுகு அளவுதான் இருக்கும். கடையில் அட்டை அட்டையாகக் கிடைக்கும். குக்கரில் ஒட்டலாம், டயரில் ஒட்டலாம், குழாயில் ஒட்டலாம், மனிதத் தோலிலும் ஒட்டலாம். எதில் ஒட்டியிருக்கிறோம் என்பதை அதுவே கண்டுகொள்ளும். அதற்கு எவ்வளவு அழுத்தம் நல்லது என்றும் தெரிந்து வைத்திருக்கும். குறைவு, சரி, அதிகம் என்ற மூன்றில் அழுத்தம் எங்கே நிற்கிறது என்பதை, தன் எண் பதிவான இடத்துக்கு அனுப்பும்: வண்டி என்றால் அதன் முள்ளுக்கு, மனிதர் என்றால் அரசின் நலமையத்துக்கு. அது வந்த பிறகு யாரும் யாரையும் 'உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்பதில்லை. பச்சையா என்றுதான் கேட்கிறார்கள்.

பித்தளைக் கடிகாரத்தை இன்ஜினில் திருகி, வண்டியைக் கிளப்பி, பூபதியைப் பேசச் சொன்னாள். அவரை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. காருக்குள் இருந்த முள் சிவப்புக்கு ஏறியது. பித்தளைக் கடிகாரம் இம்மியும் அசையவில்லை.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது" என்றாள் செம்மலர். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்தாள். நின்றுபோன இன்ஜினில் அழுத்தமே இருக்கக் கூடாது. முள் ஆடிக்கொண்டே சிவப்போரத்தில் நின்றது. அவள் அதையும் நவநீதனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, நாளைக்கு வண்டிய நொறுக்கத்தாம் போறாங்க."

முள் வலது கோடிக்குப் போய் முட்டிக்கொண்டது.

"உங்க சட்டையக் கொஞ்சம் கழட்டுங்க."

தோளில் இருந்த பொட்டின் எண்ணைப் படித்தபோது விஷயம் விளங்கியது. மார்ச் மாதம் ஒரே அட்டையிலிருந்து பழைய பொட்டுகளுக்குப் புதிது மாற்றினார் நவநீதன். இன்ஜினுக்கு என்று பதிவு செய்தது தோளுக்கு வந்துவிட்டது. அவருக்கு என்று பதிவு செய்தது இன்ஜினுக்குப் போய்விட்டது. ஆறு மாதமாகச் செம்மலர் வைத்தியம் பார்த்தது நவநீதனின் ரத்தக் கொதிப்புக்கு.

"அப்ப நலமையத்துக்கு இத்தனை நாளா என்ன போச்சு?" என்று கேட்டாள் மிருதுளா. கேட்கும்போதே பதிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜின் நின்றால் பொட்டு உறங்கிவிடும். இருபத்துமூன்று மணி நேரம் தூங்கி, ஒரு மணி நேரம் விழித்து, விழித்த நேரமெல்லாம் அழுத்தம் மாறாத மனிதர் என்று வட்டாரத்திலேயே மிக ஆரோக்கியமானவராக அவரைத் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் அனுப்பியிருந்தார்கள். அது வரவேற்பறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. "தலை சுத்துதுன்னு சொன்னீங்களே. நாந்தான் பச்சையாத்தான இருக்குதுன்னு சொல்லி உட்டுட்டேன்" என்றாள். முள் கொஞ்சம் இறங்கியது.

பொட்டுகளை இடம் மாற்றி ஒட்டினார்கள். மறுநாள் சோதனையில் கார் ஒரு மணி நேரமும் பச்சையிலேயே ஓடியது. ஐந்து வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. அன்று மாலையே நலமையத்தின் ஆணையும் வந்தது. வண்டி நன்றாக இருக்கிறது, ஓட்டுபவர்தான் சரியில்லை. மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்க வேண்டும்.

மிருதுளா ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்ச்... கிளட்ச்" என்று நவநீதன் முனகினார். மருத்துவரிடம் அவள் செம்மலரின் சோதனைகளை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்ததால் அடுத்த வாரம் பூபதிக்கும் ஓர் ஆணை வந்தது. நவநீதனுக்குப் பத்து மீட்டருக்குள் அவர் பேசக் கூடாது.

பூபதி கட்டுப்பட்டார். இரண்டு ஞாயிறு வாய் திறக்காமல் கோயிலுக்குப் போய் வந்தார். மூன்றாவது ஞாயிறு அவருடைய பொட்டு சிவப்பானது. அவர் பேசியே ஆக வேண்டும் என்று நலமையம் புதிய ஆணை போட்டது. பேசலாம், ஆனால் யாரிடம்? மையத்தின் கணிப்பொறி மாவட்டத்தின் பதினெட்டு லட்சம் பொட்டுகளையும் அலசி, அழுத்தம் ஏறினால் நன்மை அடையக்கூடிய ஒருவரைக் கண்டுபிடித்தது.

செம்மலருக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம் குறைவு. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. அவளுக்கு வந்த மருந்துச் சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: 'திரு. பூபதி, வாரம் இருமுறை, உணவுக்குப் பின்.'

புதன்கிழமை மதியம் அவள் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, ஸ்டூலை யாரோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"ஸ்பேனரை அப்படிப் புடிக்கக் கூடாது அம்மணி" என்றார் பூபதி. "எப்படிப் புடிக்கோணும்னு நாஞ் சொல்றேன்."

ஐந்தாவது நிமிடத்தில் அவள் மணிக்கட்டில் பொட்டு பச்சையானது.