கோளாறு விரல்லதான் மச்சான்

எஃபெக்ட் எதுவும் போடாமல், கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி மெல்லிய கம்பியைத் தட்டினான். அது கம்பி மாதிரி ஒலிக்கவில்லை. ஈரத் துண்டைக் கல்லில் அடித்த மாதிரி ஒலித்தது.

மணி மூன்று. ஆறு மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும். மச்சான் இறந்துபோய் இன்றோடு ஒரு வருடம். சொந்தமும் பழைய நண்பர்களுமாக அறுபது பேர் கூடுகிறார்கள். தங்கையின் கல்யாணத்துக்காக மச்சான் போட்ட மெட்டை, மச்சானின் கிட்டாரிலேயே இவன் வாசிக்க வேண்டும். அந்தத் தங்கை இவன் மனைவி. பக்கத்து அறையில் இவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

நண்பர்கள் இவனை 'சால்டர்' என்பார்கள். யாருடைய மைக் செத்தாலும் அறுந்த ஒயரைப் பற்றவைக்கச் சால்டரிங் அயர்னும் ஈயமுமாகப் போய் நிற்பான். "நான் வாசிக்கிறதைவிட பத்தவைக்கிறது நல்லாருக்கும்" என்று தானே சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் சொல்வதற்குள் சொல்லிவிட்டால் வலிக்காது.

முதல் சந்தேகம் கம்பி. ஆனால் ஆறும் நேற்றுத்தான் போட்டவை. இந்த ஜாதி கிட்டாரில் அது லேசான வேலை இல்லை. மேலே மூன்று பூட்டு, கீழே ஆறு பூட்டு. கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பாலமோ பின்பக்கத்து ஸ்பிரிங்குகளின் தயவில் அந்தரத்தில் மிதக்கிறது. ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் தளர்ந்துவிடும், ஒரு மருமகளைப் பாராட்டினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி. ஒரு மணி நேரம் எல்லோரையும் சமாதானப்படுத்திப் பூட்டியபோது நேற்று இது கண்ணாடிச் சில்லாக ஒலித்தது.

கேபிளை மாற்றினான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை அரைத் திருகு உயர்த்தினான். டோன் குமிழை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருகினான். தொப். தொப். தொப்.

காலையிலிருந்தே சட்டையில் சால்டர் புகை வாசனை. அயர்னைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில் ஒரு அரிப்பு.

இனி பார்க்க மிச்சமிருந்தது ஒரே இடம். அந்த இடம் இவனுக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு பெரிய இசைக்குழுவில் ஒரே ஒரு கிட்டார்காரருக்கு இடம் காலியாக இருந்தது. தேர்வுக்கு இருவரும் போனார்கள். முந்தின நாள் மாலை மச்சான் கிட்டாரை இவனிடம் கொடுத்து, "ஒரு தடவ பாத்துடு மாப்ள, உன் கை பட்டா தைரியமா இருக்கும்" என்றான். இவன் பார்த்தான். பின்மூடியின் ஆறு திருகுகளைக் கழற்றினான். வால்யூம் குமிழிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை ஸ்பிரிங் குழிக்குள் இழுத்தான். ஸ்பிரிங்குகள் மாட்டிய இரும்புக் கொக்கிக்கும் அந்த ஒயருக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தான். சட்டைப் பொத்தானில் பாதி அளவுதான். ஓசையின் கூர்மையை எல்லாம் அது குடித்துவிடும். யாரும் அங்கே தேட மாட்டார்கள்.

மறுநாள் இவனுக்கு இடம் கிடைத்தது.

அதன் பிறகு மூன்று வருடம் மச்சான் அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் இவனிடமே வந்தான். சால்டரிங் என்றால் மச்சானுக்குப் பயம். மாப்பிள்ளை என்றால் நம்பிக்கை. "எங்கயோ இருக்கு மாப்ள. தேடு." இவனும் தேடுவான். கம்பி மாற்றுவான், பிக்கப் மாற்றுவான், உதட்டைப் பிதுக்குவான். ஒருநாள் சலிப்பில் சொல்லிவிட்டான்: "கோளாறு கிட்டார்ல இல்ல. விரல்லதான் மச்சான்."

மச்சான் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வாசிக்கவே இல்லை. கடைசியில் நெஞ்சுவலி என்றார்கள். கிட்டார் மடியில் இருந்ததாம்.

காரியம் முடிந்த மறுநாளே இவன் அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிட்டான். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டு, மேசை இழுப்பறையின் மூலைக்குத் தள்ளினான். அழவும் அழுதான். அழுகை நிஜம்தான். அதுதான் இவனுடைய பிரச்சினையே.

இப்போது மூடியைத் திறந்தான். ஆறு திருகு. குழிக்குள் மூன்று ஸ்பிரிங்குகள், கொக்கி, பழைய ஈயத் தழும்பு. வேறு ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

மூச்சு வந்தது. இழுப்பறையை இழுத்து டப்பாவைத் திறந்தான்.

காலி.

"என்னங்க, இன்னும் முடியலியா?" மனைவி வாசலில் நின்றாள், கையில் சட்டை.

"சத்தம் மழுங்கியிருக்கு. நீ கொஞ்சம் தட்டேன், தள்ளி நின்னு கேக்கறேன்."

அவள் சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுக் குனிந்து, ஒரு விரலால் கம்பியைச் சுண்டினாள்.

அறை முழுக்க வெள்ளி உதிர்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு? அண்ணன் வாசிச்ச மாதிரியே இருக்கு." அவள் கண் லேசாக நிறைந்தது.

இவன் வாங்கித் தட்டினான். தொப்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப கோளாறு கிட்டார்ல இல்லீங்க. உங்க விரல்லதான்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் அதே இழுப்பு, அதே சலிப்பு. தன்னுடைய குரலையே யாரோ மடித்து வைத்திருந்து அவள் வாயில் கொடுத்த மாதிரி.

"குளிச்சிட்டு வாங்க. புகை நாத்தம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவள் வளையல் கணீரென்று ஒலித்தது. கதவின் தாழ் கணீரென்றது. தண்ணீர் குடிக்க எடுத்த எவர்சில்வர் தம்ளர் இவன் பிடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

தொப்.

உருண்டது. சத்தமில்லை.

கை தட்டினான். பஞ்சில் பஞ்சு பட்டது. மேசையைக் குத்தினான். சுவரைக் குத்தினான். முட்டியில் ரத்தம் வந்தது, ஓசை வரவில்லை.

முதுகு அரித்தது. இப்போது அரிப்பு ஓரிடத்தில் இல்லை. வரிசையாக இருந்தது. இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் மூன்று.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. அவள் அடித்தாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி. கதவருகே ஓடி வாய் திறந்தான். "உங்க அண்ணன நான்தான்..."

"என்ன சொல்றீங்க?" அடுத்த அறையிலிருந்து அவள் குரல். "போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. ஒண்ணும் புரியல."

"நான்தான்! நான்தான் செஞ்சேன்!"

"என் புடவைக்கும் இஸ்திரி போட்டுட்டு வர்றேன், இருங்க. கத்தாம சொல்லலாம்."

இவன் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

கதவைத் தள்ளினான். கால் நகரவில்லை. புகை வாசனை பிடரியில் சூடாக ஊதியது. சட்டைப் பின்புறத்தை யாரோ நிதானமாக மேலே சுருட்டினார்கள்.

குளிர்ந்த இரும்பு நுனி. முதுகில். பள்ளம் தேடியது. பொருந்தியது.

திரும்பியது.

வலி இல்லை. அதுதான் பயம். உள்ளே ஏதோ தளர்ந்தது. தரையில் ஒரு சின்னத் திருகு விழுந்தது.

டிங்.

எவ்வளவு சுத்தமான ஒலி.

இரண்டு. மூன்று. நான்கு. அலறினான். வாய் திறந்தே இருந்தது. ஐந்து.

ஆறு.

மூடி அகன்றது. முதுகுக்குள் காற்று புகுந்தது. பிறகு ஒரு விரல். நுனி காய்த்த, கம்பி பழகிய விரல். உள்ளே இழுத்துக் கட்டிய எதையோ அது மெல்லச் சுண்ட, அறை முழுக்க வெள்ளி உதிர்ந்தது.

"அப்பாடா!" அடுத்த அறையில் மனைவி சிரித்தாள். "சரியாயிடுச்சு போலயே!"

மேசைமேல் கிட்டார் யாரும் தொடாமல் கிடந்தது.

"எங்கயோ இருக்கு மாப்ள" என்றது பிடரியில் ஒரு மூச்சு.

அந்த விரல் அவசரப்படவில்லை. மூன்று வருடம் காத்திருந்து பழகிய விரல்.